அசித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்) 3 நாள் முடிஞ்சும் இருமல் போகல, இன்னொரு ஸ்ட்ரிப் வாங்கலாமா?

ப்ரோ, வேளச்சேரில மெடிக்கல்காரர் சொன்னார்னு இன்னொரு 3 மாத்திரை வாங்கிடாதீங்க. 500 மி.கி. 3 நாள் போட்டு முடிச்சிட்டீங்க, ஆனா மருந்து உள்ள முடியல, இதோட அரை ஆயுள் (உடம்புல இருக்கற மருந்து பாதியா கொறைய ஆகற நேரம்) கிட்டத்தட்ட 68 மணி நேரம், தசை, நுரையீரல்னு திசுக்குள்ள போய் உக்காந்துக்கும், அதனாலதான் மாத்திரை நின்ன பிறகும் சில நாள் வேலை செய்யுது. இதே வகை பழைய மருந்து எரித்ரோமைசின்னா தினம் நாலு வேளை முழுங்கணும், வயித்த வேற புரட்டி எடுக்கும்.

அசித்ரோமைசின் பாக்டீரியாவோட ரைபோசோம்ல (செல்லுக்குள்ள புரதம் செய்யற மெஷின் மாதிரி) ஒட்டிக்கிட்டு புரதம் தயாரிக்கறத நிறுத்தும், அவ்ளோதான். வைரஸுக்கு ரைபோசோமே கிடையாது, சாதாரண சளி, ஃப்ளூ இருமல்னா எத்தன ஸ்ட்ரிப் போட்டாலும் வேஸ்ட். தொற்று போன பிறகும் வறட்டு இருமல் ரெண்டு மூணு வாரம் இழுக்கறது சகஜம்.

கேஸுக்கு ஆன்டாசிட் சேத்து குடிச்சேன்னு எழுதிருக்கீங்க, அலுமினியம், மெக்னீசியம் இருக்கற ஆன்டாசிட் அசித்ரோமைசின் ரத்தத்துல ஏறற உச்ச அளவ கொறைக்கும், ரெண்டு மணி நேரம் இடைவெளி விடணும்.

காய்ச்சல் திரும்பினா, மூச்சு வாங்கினா டாக்டர பாருங்க. அப்பாவுக்கு ஹார்ட் மாத்திரை ஓடுதுன்னீங்களே, உங்க ஸ்ட்ரிப்ப அவருக்கு குடுத்துடாதீங்க, இது இதயத் துடிப்ப தாறுமாறாக்கலாம்.