மண்ணெண்ணெய் விலையும் மகனின் கம்பஸும்

அம்மா, மகனின் படிப்புக்கு என்ன செய்வது என்று என்னிடம் ஆலோசனை கேட்டு நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தரம் கேட்டேன். "அவன்ர விருப்பத்துக்கு விடுறதோ, எங்கட நிலைமையைப் பாத்து நாங்கள் முடிவெடுக்கிறதோ, எல்லாம் தலையில எழுதினதுதானே" என்று ஒரே மூச்சில் மூன்று கதை கதைத்திருக்கிறீர்கள். கடைசிக் கதையில் இருந்து தொடங்குகிறேன்.

தம்பி, அதாவது உங்கள் மகன், ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதியது 2022 மே மாதம். அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரேயடியாக 340 ரூபாய் ஆனது. யாழ்ப்பாணம் குருநகரில் இஞ்சின் வள்ளத்தை நம்பியிருக்கிற வீட்டுக்கு அது என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் கணவர் கடலுக்குப் போகாமல் இருந்த நாட்கள், அடைவுக்குப் போன உங்கள் காப்பு, மூன்று பாடத்துக்கும் ரியூசன் காசு கட்ட ஏலாமல் பௌதிகவியல் ரியூசனை மட்டும் தம்பி தானாகவே விட்டது, பிறகு ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேற்றில் அதே பௌதிகவியலுக்கு ஆகக் குறைந்த சித்தியான எஸ் வந்தது. வரிசையாக வைத்துப் பாருங்கள். புனித யாகப்பருக்கு நேர்த்தி வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த எஸ்ஸுக்குத் தலையெழுத்தைக் குறை சொல்லாதீர்கள். தம்பியையும் சொல்லாதீர்கள்.

அதற்காக "முயற்சி இருந்தால் காசு ஒரு தடையா" என்று பேசுகிற ஆட்களிடமும் மாட்டிக்கொள்ள வேண்டாம். தொண்ணூறுகளில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். அப்போதும் மண்ணெண்ணெய்தான் பிரச்சினை, பாருங்கள். அந்த விளக்கில் படித்து டொக்டரானவர்கள் பரிசளிப்பு விழாக்களுக்கு வந்து கதை சொல்வார்கள், கைதட்டுவோம். அதே விளக்கில் அதே அளவு படித்து, நடுவில் இடம்பெயர்ந்து, தங்கச்சிமாருக்காகக் கடையில் வேலைக்குப் போனவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. என்னுடைய வகுப்பில் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன் அப்படித்தான் போனான்.

சரி, இப்போது கையில் இருப்பதைப் பார்ப்போம். 1945 இல் இருந்து இந்த நாட்டில் படிப்பு இலவசம், கம்பஸுக்குள், அதாவது அரச பல்கலைக்கழகத்துக்குள், போனால் படிப்புக் கட்டணம் இல்லை, மஹாபொல உதவித்தொகையும் கிடைக்கலாம். ஆனால் வாசலில் இசட் புள்ளி நிற்கிறது, ஏ.எல். பெறுபேற்றில் இருந்து கணக்கிட்டு யாருக்கு இடம் என்று தீர்மானிக்கிற புள்ளி. இடங்களை முக்கியமாக 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு என்று பிரிக்கிறார்கள், யாழ்ப்பாணத்துக்குள்ளேயே போட்டி எப்படி என்று தெரியும்தானே. இரண்டு சி, ஒரு எஸ் வைத்துக்கொண்டு அவன் கேட்கிற கணினித் துறைக்கு இந்த முறை இடம் வராது. இதை மறைத்துப் பேசி உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

கனடாச் சித்தப்பாவின் கதைக்கு வருகிறேன். அவனை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புகிற ஏஜென்சிக்குத் தான் காசு கட்டுவதாக அவர் சொல்வது நல்ல மனதுதான். நீங்கள் அதைச் சுதந்திரம் என்று நினைக்கிறீர்கள், "காசுப் பிரச்சினை தீர்ந்தால் அவன் விரும்பினதைப் படிக்கலாம்" என்று. எனக்குத் தெரிந்தவரை காசு கொடுக்கிறவர் பாடத்தையும் தெரிவு செய்வார், நாட்டையும் தெரிவு செய்வார், சில வீடுகளில் பெண்ணையும்கூட. போன வருடம் என்னிடம் வந்த ஒரு பிள்ளை, மாமாவின் காசில் கணக்கியல் படிக்கப் போய், அரைவாசியில் விட்டுவிட்டு வரவும் முடியாமல், தொடரவும் முடியாமல், இரவு இரண்டு மணிக்கு எனக்கு மெசேஜ் போடுவாள். வேண்டாம் என்று முடிவாகச் சொல்லவில்லை. சித்தப்பாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அவன் பாதியில் பாடம் மாற்றினால் என்ன செய்வீர்கள்? பதிலைவிட, பதில் வர எடுக்கிற நேரத்தைக் கவனியுங்கள்.

தம்பிக்கு நான் சொல்லக்கூடியது இரண்டு வழி. யாழ்ப்பாணத்திலேயே உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது, முழுநேரமாகப் படித்தால் கட்டணம் இல்லை. மற்றது கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கற்கை நிறுவகத்தின் வெளிவாரி தகவல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு (பி.ஐ.டி.). இதை நான் உங்கள் வீட்டுக்கு விசேடமாகச் சொல்வதற்குக் காரணம், முதல் வருடம் முடித்தால் டிப்ளோமா, இரண்டாவது முடித்தால் உயர் டிப்ளோமா, மூன்றாவதுக்குப் பட்டம் என்று படியாகக் கையில் கிடைக்கும். நடுவில் வலை அறுந்து, வள்ளம் பழுதாகி ஒரு வருடம் நிற்க வேண்டி வந்தாலும் அதுவரை படித்தது வீணாகாது. காசில்லாத வீட்டுக்கு இந்த மாதிரிப் படிப்புத்தான் தோது, வேலை செய்துகொண்டே படிக்கலாம். கம்பஸ் அனுமதிக்கு ஏ.எல்.லும் மொத்தம் மூன்று தடவை எழுதலாம், அவன் ஒரு தடவைதான் எழுதியிருக்கிறான். இன்னொரு தரம் எழுதட்டும், ஆனால் பௌதிகவியல் ரியூசனுக்கு முதலில் காசு ஒதுக்கிவிட்டு. வீட்டில் சும்மா இருந்து எழுதுகிற கதை வேண்டாம்.

சனிக்கிழமை வரும்போது ஒரு சீ.ஆர். கொப்பி கொண்டு வரச் சொல்லுங்கள். போன மூன்று மாதத்தில் வீட்டுக்கு வந்த காசு, போன காசு, அடைவு வட்டி, சீட்டுக் காசு எல்லாவற்றையும் தம்பி தன்னுடைய கையால் எழுத வேண்டும், நீங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது. உங்கள் நிலைமை அவனுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள். பௌதிகவியல் ரியூசனை விட்டவனே அவன்தானே, அம்மா. உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கடலுக்குப் போகிற நாள் என்றால் ஞாயிறு பின்னேரம் வாருங்கள், நான் இருப்பேன். அதுவரை சித்தப்பாவுக்கு ஓம் சொல்ல வேண்டாம்.