ஹைட்ரோஃபாயில் ரோந்துக் கப்பல்களைச் சோதித்துப் பார்த்த கடற்படைகள் ஏன் தொடரவில்லை?

வேகத்தில் குறையே இல்லை. கப்பலின் அடியில் உள்ள ஹைட்ரோஃபாயில் என்ற இறக்கைகள், விமான இறக்கை காற்றில் செய்வதைத் தண்ணீரில் செய்கின்றன. வேகம் கூடியதும் உடற்பகுதி நீரைவிட்டு எழும்பிவிடும், இழுவை சட்டெனக் குறையும். கனடாவின் பிராஸ் டோர் கப்பல் 1969 சோதனையில் 63 நாட், அதாவது மணிக்குச் சுமார் 117 கிமீ தொட்டது!

அமெரிக்கா ஒரே தேவைக்கு இரண்டு விதமாகக் கட்டிப் பார்த்தது. ஃபிளாக்ஸ்டாஃப் என்ற கப்பலுக்கு புரொப்பெல்லர், டுகும்காரி என்ற கப்பல் நீரைப் பின்னால் பீய்ச்சி ஓடியது. இரண்டும் வியட்நாம் வரை போய் வந்தன. டுகும்காரி 1972-ல் போர்ட்டோ ரிக்கோ அருகே பவளப்பாறையில் மோதி, அதோடு முடிந்தது. அப்புறம் வந்த பெகாசஸ் வகையில் ஆறே கப்பல்கள்; 1993-ல் எல்லாவற்றுக்கும் ஓய்வு.

என் கணிப்பில் காரணம் செலவுதான். சின்னக் கப்பலுக்கு விமானம்போலப் பராமரிப்பு வேண்டும். எதிரியைத் துரத்த ஏவுகணை இருக்கும்போது கப்பலுக்கு 45 நாட் எதற்கு?