நிப்பிள் ஆடுது, என்ன ஒட்டலாம்? – கார் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஏழு வேக்குவம் (எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் இழுவிசை) சம்பந்தப்பட்டவை. அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கிளட்ச், ஏ.சி. பற்றி எழுதியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் 2006 மாடல் பென்ஸ் சி 200 கம்ப்ரெஸ்ஸர். செக் எஞ்சின் லைட் எரிகிறது, ஸ்கேனரில் பி0171 வருகிறது. இரண்டு ஆக்சிஜன் சென்சாரும் ஏர்ஃப்ளோ சென்சாரும் மாற்றியாயிற்று. சிக்னலில் நின்றால் வண்டி உதறுகிறது, பைபாஸில் நன்றாக ஓடுகிறது. அடுத்து எதை மாற்றுவது?
– கோவை வாசகர்

எதையும் மாற்றாதீர்கள். பி0171 என்றால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று அர்த்தம். கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது என்று சென்சார் சொன்னது. அதைக் காதில் வாங்காமல் சென்சாரையே கழற்றிப் போட்டிருக்கிறீர்கள். முதலில் ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு) பாருங்கள். ஐட்லிங்கில் 20 சதவீதத்துக்கு மேல் இருந்து, 2,500 ஆர்.பி.எம்.மில் பிடிக்கும்போது 5 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கினால் எங்கோ ஓட்டை. ஐட்லிங்கில் எஞ்சின் குடிக்கும் காற்றே கொஞ்சம்தான், அதனால் சின்ன ஓட்டையும் அங்கே பெரிதாகத் தெரியும். வேகத்தில் அது காணாமல் போய்விடும்.

இந்த 1.8 லிட்டர் எஞ்சினில் சந்தேகப்பட வேண்டிய இடம் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் பாகம்) அடியில், கை நுழையாத இடத்தில் ஓடும் பிரீதர் ஓஸ், அதாவது எஞ்சினின் ஆயில் ஆவியை எடுத்துப்போகும் குழாய். ஆயில் ஆவியிலும் சூட்டிலும் பத்துப் பதினைந்து வருஷம் வெந்து, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. புகை விட்டுப் பார்க்கும் மெஷின் இருக்கிற ஷெட்டுக்குப் போங்கள். அழுத்தம் 1 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு.

வேக்குவம் கேஜ் வாங்கி மாட்டினேன். ஐட்லிங்கில் 13 இஞ்ச்தான் காட்டுகிறது. 18க்கு மேல் இருக்க வேண்டும் என்கிறார்களே?
– ஊட்டி

உங்கள் ஊர் ஏழாயிரத்துச் சொச்சம் அடி உயரம். ஆயிரம் அடிக்கு ஒரு இஞ்ச் (பாதரச அளவில்) குறையும். முள் ஆடாமல் நின்றால் எஞ்சின் நன்றாக இருக்கிறது. பேனட்டை மூடுங்கள்.

சூப்பர்சார்ஜர் வண்டி. வேக்குவம் நிப்பிள் ஆடுது. என்ன ஒட்டலாம்? இரண்டு கலரைப் பிசைந்து வைக்கும் புட்டி போதுமா? போட்டோ இணைத்துள்ளேன்.
– ஊர் குறிப்பிடவில்லை

ஊர் மட்டுமா, என்ன வண்டி, எந்த வருஷம், நிப்பிள் (ஓஸ் மாட்டும் சின்னக் குழாய்) எந்த இடத்தில் என்று எதுவுமே இல்லை. டாக்டரிடம் போய் "வலிக்குது, என்ன மாத்திரை?" என்று கேட்பீர்களா? நல்லவேளையாக போட்டோ தெளிவாக இருக்கிறது. அலுமினிய வார்ப்பில் இறுக்கி அடித்த இரும்புக் குழாய். அதன் அடியைச் சுற்றி ஆயிலும் தூசியும் சேர்ந்து கறுப்பு வளையம். வளையத்துக்குள் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. அந்தப் பக்கமாகத்தான் யாரோ ஓஸைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள்.

இதைப் பல முறை எழுதிவிட்டேன், இன்னொரு முறை எழுதுகிறேன். பழைய ஓஸை இழுக்காதீர்கள். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். ஓஸ் போனால் சில நூறு ரூபாய், நிப்பிள் போனால் இந்தக் கடிதம்.

புட்டி கூடாது. ஏன் என்று சொல்கிறேன். சாதாரண எஞ்சினில் நிப்பிளை உள்ளே இழுக்கும் விசை மட்டும்தான். சூப்பர்சார்ஜருக்கு (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் பம்ப், பென்ஸ் பாஷையில் கம்ப்ரெஸ்ஸர்) பிறகு இருக்கும் நிப்பிளில் ஐட்லிங்கில் உள்ளே இழுக்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வெளியே தள்ளும். 10 மி.மீ. குழாய் என்று வைத்தால் உள்ளே அரைக் கிலோ, வெளியே அரைக் கிலோ. சிட்டிக்குள் ஒரு நாள் ஓட்டினால் நூற்றுக்கணக்கான தடவை இப்படி அசையும். போதாததற்கு, சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், பிடி தானாகத் தளரும். இந்த அசைவில் புட்டி முதலில் ஓரம் விடும், பிறகு துண்டு துண்டாகப் பெயரும். பெயர்ந்த துண்டு உள்ளேதான் போகும்.

மூன்று வருஷத்துக்கு முன் என் ஷெட்டுக்கு ஒரு வண்டி கரகரவென்ற சத்தத்தோடு வந்தது. வேறொரு இடத்தில் இதே புட்டியை வைத்து அனுப்பியிருந்தார்கள். அந்த வண்டியில் காற்று போகும் வழியில் த்ராட்டில் (காற்றைத் திறந்து மூடும் தகடு) முன்னால், சூப்பர்சார்ஜர் பின்னால். நிப்பிள் இரண்டுக்கும் நடுவில். பட்டாணி அளவுத் துண்டு நேரே சூப்பர்சார்ஜரின் ரோட்டருக்குள் போயிருக்கிறது. இந்த ரோட்டர்கள் ஒன்றையொன்று தொடாமல், சுவரையும் தொடாமல், மயிரிழை இடைவெளியில் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுபவை. பிரித்துப் பார்த்தேன். ரோட்டர் விளிம்பில் சாம்பல் நிறத்தில் புட்டி ஈஷியிருந்தது. உள்சுவரில் விரலை ஓட்டினால் நகம் மாட்டும் ஆழத்துக்குக் கீறல். வண்டிக்காரர் கல்லூரிக்குப் போகும் மகளுக்குக் கொடுக்க வாங்கிய வண்டி. செலவு லட்சத்தைத் தாண்டியது. அந்தக் கீறலை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. த்ராட்டில் பின்னால் இருக்கிற வண்டிகளில் ரோட்டர் தப்பும், துண்டு வால்வில் போய் உட்காரும். அதுவும் லேசுப்பட்டதில்லை.

சரி, என்ன செய்வது? எஞ்சின் ஆறட்டும். அந்தப் பாகத்தை வண்டியிலிருந்து கழற்றி மேஜைக்குக் கொண்டுவாருங்கள். வண்டியிலேயே வைத்துச் செய்யும் வேலை இல்லை. பழைய குழாய் எத்தனை மி.மீ. உள்ளே இருந்தது என்று குறித்துக்கொண்டு, முறுக்கி எடுங்கள். குழாயையும் துளையையும் வெர்னியரில் அளங்கள். துளை வட்டமாக இருந்து, இடைவெளி கால் மி.மீ.க்குள் இருந்தால் குழாயைத் துளைக்குள் இறுக்கி ஒட்டும் பச்சை நிற ரிடெய்னிங் காம்பவுண்ட் போதும். லாக்டைட் 638 மாதிரி. 180 டிகிரி வரை தாங்கும். போல்ட்டுக்குப் போடும் நீலநிறச் சரக்கு இல்லை, கடையில் அதைக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். இரண்டு பக்கமும் பிரேக் கிளீனரில் எண்ணெய்ப்பசை போகக் கழுவி, தடவி, பழைய குறி வரை செருகி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வையுங்கள். குறியைத் தாண்டி உள்ளே அடித்தால் குழாய் ரோட்டரிலேயே இடிக்கலாம்.

துளை முட்டை வடிவமாகிவிட்டிருந்தால் லேத்துக்குப் போங்கள். சுற்றிலும் போதுமான உலோகச் சதை இருக்கிறதா என்று பார்த்து, எட்டரை மி.மீ. பக்கம் துளை போட்டு, எட்டில் ஒரு இஞ்ச் டேப்பர் மரை வெட்டி, பித்தளை நிப்பிள் மாட்டலாம். மரை வெட்டும் டேப்பில் கிரீஸ் அப்பிக்கொண்டால் பிசிறு அதிலேயே ஒட்டும். முடித்ததும் மண்ணெண்ணெயில் கழுவி, காற்று அடித்து, வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: நம் ஊர் லேத்தில் இருப்பது பெரும்பாலும் பி.எஸ்.பி. டேப். இறக்குமதி நிப்பிள் என்.பி.டி.யாக இருக்கலாம். இரண்டும் வேறு வேறு மரை அளவு முறைகள். ஒன்றுக்கு இஞ்சுக்கு 28 மரை, மற்றதற்கு 27. இரண்டு சுற்று ஒழுங்காகப் போகும், மூன்றாவதில் இறுகும், "டைட்டாகிவிட்டது" என்பார்கள். அது டைட் இல்லை, மரை கடிக்கிறது. கட்டாயம் கசியும்.

துளை பிளாஸ்டிக்கில் இருந்தால் மேலே சொன்ன எதுவும் செல்லாது. பச்சைச் சரக்கு பிளாஸ்டிக்கில் இறுகாது, சிலவற்றில் விரிசலே விழ வைக்கும். பாகத்தை மாற்றுங்கள். சென்னை புதுப்பேட்டையில் நல்ல பழசு கிடைத்தாலும் போதும்.

புது ஓஸ் ஆயில் தாங்கும் ரப்பராக இருக்கட்டும். மீன் தொட்டி டியூப் வேண்டாம், சூட்டில் ஒட்டிக்கொள்ளும். கேபிள் டை வேண்டாம், பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தள்ளும் காற்றழுத்தம்) வந்ததும் கழன்றுவிடும். கிளிப் போடுங்கள்.

பழைய கம்ப்ரெஸ்ஸர் வண்டி. ஹைவேயில் வேகமாகப் போய்விட்டு நிறுத்தினால் டிப்ஸ்டிக் மேலே எழும்பி நிற்கிறது, சுற்றிலும் ஆயில். எஞ்சின் போய்விட்டது என்கிறார் மெக்கானிக்.
– பினாங்கு

அவசரப்படாதீர்கள். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் எஞ்சின் அடியிலுள்ள கிராங்க்கேஸின் ஆவியை இன்டேக்குக்கு எடுத்துப்போகும் பி.சி.வி. லைனில் இருக்கும் ஒருவழி வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். இரண்டு பக்கமும் காற்று போனால், பூஸ்ட் நேராகக் கிராங்க்கேஸுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். அந்த அழுத்தம் டிப்ஸ்டிக்கைத் தள்ளும், அடுத்து ஆயில் சீலைத் தள்ளும். வால்வு நன்றாக இருந்தால் பிறகு கம்ப்ரெஷன் பாருங்கள். ஓஸைக் கழற்றும்போது இழுக்காதீர்கள், கீறுங்கள்.

பூஸ்ட் கேஜுக்கு பிரேக் பூஸ்டர் ஓஸில் டீ போட்டேன். முள் பூஸ்ட் பக்கம் போகவே மாட்டேன் என்கிறது. கேஜ் டூப்ளிகேட்டா?
– மதுரை

கேஜ் நல்ல கேஜ். பிரேக் பூஸ்டர் என்பது வேக்குவத்தால் பெடலை மிதிக்க உதவும் டப்பா. அதன் ஓஸில் இருக்கும் ஒருவழி வால்வு வேக்குவத்தைப் பிடித்து வைக்கும், பூஸ்ட் அந்தப் பக்கம் போகாமலும் தடுக்கும். நீங்கள் வால்வைத் தாண்டி டீ போட்டிருக்கிறீர்கள். அந்த டீ ஒரு நாள் கழன்றால் பிரேக் கல் மாதிரி ஆகிவிடும். கேஜ் பார்க்க பிரேக்கை அடகு வைக்காதீர்கள். இன்றைக்கே எடுத்துவிட்டுப் புது ஓஸ் போடுங்கள். கேஜுக்கு மேனிஃபோல்டில் தனி நிப்பிள் தேடுங்கள்.

எஞ்சின் ஓடும்போது கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்து ஓட்டையைக் கண்டுபிடிக்கலாம் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். செய்யலாமா?
– திருச்சி

வேண்டாம். பக்கத்திலேயே பழுக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட் இருக்கிறது, ஸ்பிரே பெட்ரோல் மாதிரி எரியும். வாய் மழுங்கிய பிளையரில் துணி சுற்றி, ஒவ்வொரு ஓஸாக மெல்ல அழுத்திப் பிடியுங்கள். எதை அழுத்தும்போது ஐட்லிங் சீராகிறதோ அந்த லைனில்தான் ஓட்டை.

டீசல் வண்டி. காலையில் முதல் மிதிக்கு பிரேக் கெட்டியாக இருக்கிறது, ஓடத் தொடங்கினால் சரியாகிறது. மேனிஃபோல்டில் வேக்குவம் லீக் இருக்குமா?
– சேலம்

டீசலில் பிரேக் மேனிஃபோல்டை நம்பி இல்லை, அதற்குத் தனிப் பம்ப். ராத்திரி முழுக்க நின்றதில் பூஸ்டரில் சேர்ந்திருந்த வேக்குவம் கசிந்துவிடுகிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு நான்கைந்து முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் ஒரு இஞ்ச் கீழே இறங்கினால் பம்ப் வேலை செய்கிறது, பூஸ்டர் ஓஸில் இருக்கும் ஒருவழி வால்வை மாற்றுங்கள். இறங்காவிட்டால் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.