தம்பியின் பங்குக்கு யார் கையெழுத்திடுவது?

கேள்வி: கோவையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் தம்பி, 2016 டிசம்பரில் ஓர் இரவு விடுதியை விட்டு வெளியே போனவன் திரும்பவில்லை. கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டே போயிருந்தான். கண்டுபிடிக்க இயலவில்லை என்று காவல்துறை வழக்கை முடித்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பாவும் காலமாகிவிட்டார். அவருடைய சிகிச்சைக்கு வாங்கிய கடனை அடைக்க வீட்டை விற்க வேண்டியிருக்கிறது. வாரிசுச் சான்றிதழில் தம்பியின் பெயரும் இருப்பதால், அவன் இறந்துவிட்டான் என்று நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கிவிட்டு, ராமேசுவரத்தில் திதியும் கொடுத்துவிடலாம் என்கிறார் சித்தப்பா. அம்மாவோ இன்றும் அவன் கைபேசியைப் பூஜை அறையில் சார்ஜ் போட்டு வைத்து, மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்கிறார். காணாமல் போன டெல்லி ஜே.என்.யூ. மாணவர் நஜீப்பின் வழக்கையும் முடித்துவிட்டார்கள் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மனுவில் கையெழுத்திட்டால் தம்பியை நானே கொன்றதாகிவிடாதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, ஆகிவிடாது. சித்தப்பா ஒரே மூச்சில் சொல்லும் உத்தரவும் திதியும் வெவ்வேறு காரியங்கள். ஒன்றைச் செய்வதால் மற்றதையும் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒருவர் உயிரோடு இருந்தால் அவரைப் பற்றி இயல்பாகவே யாருக்குத் தகவல் தெரிந்திருக்குமோ, அவர்களுக்கு ஏழு ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 108-ஆம் பிரிவாக இருந்ததும், இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 111-ஆம் பிரிவாக இருப்பதும் இவ்வளவுதான். நிரூபிக்கும் சுமை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறுகிறதே தவிர, உங்கள் தம்பி இறந்ததைத் தன் கண்ணால் கண்டதுபோல் நீதிமன்றம் சொல்வதில்லை. எந்த நாளில் இறந்தார் என்பதைக்கூட இந்தப் பிரிவைக் கொண்டு அனுமானிக்க முடியாது என்று, எல்.ஐ.சி. தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-லேயே தெளிவுபடுத்திவிட்டது. நாளையே அவர் வாசலில் வந்து நின்றால் அந்த அனுமானம் அங்கேயே முடிந்துபோகும்.

நஜீப் அகமதின் வழக்கிலும் நடந்ததைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். 2016 அக்டோபர் 14 இரவு விடுதியில் சில மாணவர்களுடன் தகராறு ஏற்பட்டது. மறுநாள், மகனைப் பார்க்க உத்தரப் பிரதேசத்தின் பதாயூனிலிருந்து புறப்பட்டு வந்த தாய் பாத்திமா நஃபீஸ் அறைக்கு வந்து சேர்ந்தபோது நஜீப் அங்கே இல்லை. அவருடைய கைபேசி மட்டும் அறையிலேயே இருந்தது. டெல்லி காவல்துறை தேடியது, பரிசுத் தொகையை 10 லட்சம் வரை உயர்த்தி அறிவித்தது. தாய் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகு, 2017 மே மாதத்தில் விசாரணை சி.பி.ஐ.க்குப் போனது. அவர்களும் 2018 அக்டோபரில், கண்டுபிடிக்க இயலவில்லை என்று வழக்கை முடிக்கும் முடிவறிக்கையைத் தாக்கல் செய்தார்கள். அந்த அறிக்கையை எதிர்த்து அந்தத் தாய் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 2025 ஜூன் 30 அன்று டெல்லி நீதிமன்றம் சி.பி.ஐ.யின் முடிவறிக்கையை ஏற்றுக்கொண்டது. ஆனால் புதிய தகவல் கிடைத்தால் விசாரணையை மீண்டும் தொடங்கலாம் என்று அதே உத்தரவில் சி.பி.ஐ.க்கு இடம் கொடுத்திருக்கிறது. நீங்கள் படித்த செய்தியில் தலைப்பு மட்டும் உங்கள் நெஞ்சில் தங்கிவிட்டது என்று நினைக்கிறேன். நஜீப் இறந்துவிட்டார் என்று அந்த உத்தரவு சொல்லவில்லை.

உங்கள் தம்பியின் வழக்குக்கும் இது பொருந்தும். வழக்குப் பதிவான காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை, முடிவறிக்கை இரண்டின் நகல்களையும் கேட்டு வாங்குங்கள். நீதிமன்றத்துக்கு எப்படியும் அவை தேவைப்படும். வாங்கும்போதே, அம்மாவின் ரத்த மாதிரி மரபணுச் சோதனைக்கு எடுக்கப்பட்டதா, அடையாளம் தெரியாத உடல்களின் விவரங்களோடு ஒப்பிடப்பட்டதா, கைபேசியை யாராவது முறையாக ஆராய்ந்தார்களா என்று எழுத்துமூலம் கேளுங்கள். அந்தக் கைபேசி இன்றும் பூஜை அறையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும், அதை விசாரணை அதிகாரி கேட்கவே இல்லையா என்ற எண்ணம்தான் எனக்கு வந்தது. புதிதாக ஒன்று கிடைத்தால், மேல்விசாரணைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இன்னொன்றையும் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். கடுமையான மனநோய்கள் பல, கல்லூரிப் பருவத்தில்தான் முதன்முதலாகத் தலைகாட்டுகின்றன. காணாமல் போவதற்கு முந்தைய மாதங்களில் தம்பி தூங்காமல் இருந்தாரா, யாரோ தன்னைக் கண்காணிப்பதாகச் சொன்னாரா, நண்பர்களை விட்டு ஒதுங்கினாரா என்று அவருடைய அறைத்தோழர்களிடம் இப்போதாவது பேசிப் பாருங்கள். அப்படி வீட்டை விட்டுப் போனவர்கள் மொழி தெரியாத மாநிலங்களில் பல ஆண்டுகள் தெருவில் அலைவதுண்டு. மகாராஷ்டிரத்தின் கர்ஜத்தில் மனநல மருத்துவர் பரத் வட்வானி நடத்தும் ஷ்ரத்தா மறுவாழ்வு அமைப்பு, அவ்வாறு அலைந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்து வீடு சேர்க்கும் வேலையையே செய்கிறது. அவருக்கு 2018-இல் மகசேசே விருது கிடைத்ததும் அதற்காகத்தான். உங்கள் தம்பி அப்படித்தான் போனார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு புகைப்படமும் உடல் அடையாளங்களும் அடங்கிய கடிதத்தை இத்தகைய இல்லங்களுக்கு அனுப்புவதில் நஷ்டம் ஏதுமில்லை. வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பவரிடமும், பையன் எங்களிடம்தான் இருக்கிறான், பணம் அனுப்புங்கள் என்று தொலைபேசியில் பேசுபவரிடமும் மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதீர்கள்.

சொத்து விஷயத்தில் சித்தப்பா அவசரப்படுகிறார். அது அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, அவர் உயில் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் சம பங்கு. தம்பிக்குத் திருமணம் ஆகாததால், அவர் அப்பாவுக்குப் பின் இறந்ததாகக் கொண்டாலும் அவருடைய பங்கு அம்மாவுக்குத்தான் போகும். எப்படிக் கணக்குப் போட்டாலும் சித்தப்பாவுக்கு அதில் உரிமை இல்லை. எனவே வழக்கறிஞரை நீங்களும் அம்மாவும் தேர்ந்தெடுங்கள். உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை, அதாவது தம்பி இறந்ததாகக் கருதப்பட வேண்டும் என்ற அறிவிப்பு, கோரும் வழக்காகவே இது போகும். விற்ற பணத்தில் கடனை அடைத்தது போக, தம்பியின் பங்குக்குரிய தொகையை அம்மா பெயரில் வங்கி வைப்பாகப் போட்டுவைக்க முடியுமா என்றும் யோசியுங்கள். அவர் வந்தால் கொடுக்க ஒன்று இருக்கிறது என்பது அம்மாவுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.

எதைச் செய்தாலும் அம்மாவுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச்சில், கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைக் கேரளக் காவல்துறை பிடித்துக்கொண்டு போய்க் கக்கயம் முகாமில் சித்திரவதை செய்தது. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. தந்தை ஈச்சர வாரியர் 1977-இல் ஆட்கொணர்வு மனு போட்டு உண்மையை வெளியே கொண்டுவந்தார். காவல்துறையினர் மீதான குற்ற வழக்கு பிறகு உங்கள் தம்பி படித்த அதே கோவையில்தான் நடந்தது. நாடே அறிந்த அந்த உண்மையை, மனநலம் குன்றியிருந்த தன் மனைவியிடம் சொல்ல மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. 2000-இல் அந்த அம்மாள் கண்மூடுவதற்குச் சில நாட்களுக்கு முன், மகனுக்காகச் சேர்த்து வைத்திருந்த சில்லறைக் காசுகளைப் பொட்டலமாகக் கட்டி, ராஜன் வந்தால் கொடுக்கும்படி கணவரிடம் ஒப்படைத்தார். ஈச்சர வாரியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் உங்கள் அம்மா தெளிவாக இருக்கிறார், கேட்கக்கூடியவர். மனுவின் வரைவை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில், வரிக்கு வரி படித்துக் காட்டுங்கள். ஏழு ஆண்டுகளுக்கு மேலாகத் தகவல் இல்லை என்ற வாக்கியம் உண்மையானது. அதில் அவரும் கையெழுத்திட முடியும். முடியாது என்று சொன்னால், அந்த மாதம் விட்டுவிட்டு அடுத்த மாதம் பேசுங்கள்.

திதியைப் பற்றி: காணாமல் போனவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த பிறகே தர்ப்பையால் உருவம் செய்து சடங்கு செய்வது பழைய வழக்கம். சித்தப்பா மரபைச் சொல்லி வற்புறுத்தினால், அந்த மரபே இன்னும் காலம் கொடுத்திருக்கிறது என்று சொல்லுங்கள். அந்தக் காலம் முடிந்தாலும் செய்வதா வேண்டாமா என்பது அம்மாவின் முடிவு.

கைபேசியைப் பூஜை அறையிலிருந்து எடுக்காதீர்கள். சில மாதங்கள் பயன்பாடில்லாமல் போனால் அந்த எண்ணை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். தம்பிக்கு மனப்பாடமாக இருக்கக்கூடிய எண் அது ஒன்றாகத்தான் இருக்கும். ரீசார்ஜ் தேதியை உங்கள் கைபேசியிலும் குறித்துவையுங்கள். அம்மாவுக்கு உடம்புக்கு முடியாத மாதத்தில் நீங்கள் போட வேண்டியிருக்கும்.