வசதி குறைந்தவர்கள்தான் சதிக் கோட்பாடுகளை அதிகம் நம்புகிறார்களா?

ஓரளவு ஆம். ஆனால் காரணம் அறியாமைதான் என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம்.

நடப்பவற்றுக்குப் பின்னால் யாரோ ரகசியமாகச் சதி செய்கிறார்கள் என்ற இந்த நம்பிக்கை, வருமானமும் படிப்பும் குறைந்தவர்களிடம் சற்றுக் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதன் அடியில் இருப்பது பெரும்பாலும் 'எதுவும் நம் கட்டுப்பாட்டில் இல்லை' என்ற உணர்வு. 2008-ல் விட்சன், கலின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனைகளில், அப்படி உணரவைக்கப்பட்டவர்கள் வெறும் புள்ளிக் கூட்டத்திலும் உருவங்களைக் கண்டார்கள். குழப்பமான நிகழ்வுகளுக்குப் பின்னால் சதி இருப்பதாகவும் நினைத்தார்கள்.

பட்ட அனுபவமும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த ஏழைக் கறுப்பின ஆண்களுக்கு அரசு சுகாதாரத் துறையே சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் குணப்படுத்தும் பென்சிலின் மருந்து பரவலாகக் கிடைத்த பிறகும் தரவில்லை. 'கெட்ட ரத்தத்துக்கு' வைத்தியம் பார்ப்பதாக அவர்களிடம் பொய் சொன்னார்கள். அந்தச் சமூகத்தில் பிறந்த ஒருவர் மருத்துவர்களைச் சந்தேகித்தால், அதை மூடநம்பிக்கை என்று எப்படித் தள்ளுவது?

மேல்தட்டும் விலக்கல்ல. கார் தயாரிப்பில் கோடீஸ்வரரான ஹென்றி ஃபோர்டு, யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாக 1920-களில் தன் செய்தித்தாளில் தொடர் வெளியிட்டார்.