முதல் நாளிலேயே ஒரு பக்கம்

கேள்வி: எங்கள் தன்னார்வக் குழு, தமிழ் விக்கிமூலம் என்னும் கட்டற்ற இணைய நூலகத்தில் பழைய நூல்களை மெய்ப்புப் பார்க்க மாதந்தோறும் இணையவழிக் கூடல் நடத்துகிறது. புதியவர்கள் ஆர்வத்துடன் வருகிறார்கள். ஆனால் அடுத்த மாதம் அவர்களைக் காண முடிவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வந்தவர்களுக்கு ஆர்வம் போதவில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன், அன்று அவர்கள் தம் கையால் ஒரு பக்கத்தையாவது முடித்தார்களா என்று பாருங்கள். வரவேற்புரையிலும் திட்ட விளக்கத்திலும் பாதி நேரம் போய்விட்டால், பழகியவர்கள் மளமளவென்று வேலையைத் தொடங்கும்போது புதியவர் கடவுச்சொல்லோடு போராடிக்கொண்டிருப்பார். எனவே பயனர் கணக்கை முந்தைய நாட்களிலேயே உருவாக்கச் செய்யுங்கள். ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரு நாளில் 6 கணக்குகளுக்கு மேல் தொடங்க விக்கித் தளங்கள் பொதுவாக இடம் தருவதில்லை. கல்லூரி விடுதியின் ஒரே இணைப்பிலிருந்து பத்து மாணவியர் சேர முயன்றால், ஏழாவது மாணவிக்குப் பிழைச்செய்திதான் கிடைக்கும். தவறு தன்னுடையது என்று எண்ணி அவர் ஒதுங்கிக்கொள்வார்.

தட்டச்சும் ஒரு தடைதான். தமிழ்99 சிறந்த விசைப்பலகை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் முதல் நாளில் அதைக் கற்பிக்க முனையாமல், அவரவர் கைப்பேசியில் பழகிய முறையிலேயே எழுத விடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். மெய்ப்புப் பணியைப் போலப் புதியவருக்கு ஏற்ற பணி விக்கித் திட்டங்களில் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒருபுறம் அச்சுப் பக்கத்தின் படம், மறுபுறம் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்துகளைக் கணினி உரையாக்கும் மென்பொருள்) தந்த உரை என்று இரண்டும் கண்ணெதிரே இருக்கின்றன. 'மரம்' என்பதை எழுத்துணரி 'மாம்' என்று படித்திருந்தால், தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் அதைத் திருத்திவிடலாம். திருத்தி முடித்ததும் பக்கம் மஞ்சள் நிலைக்கு, அதாவது மெய்ப்புப் பார்க்கப்பட்ட நிலைக்கு, வரும். அதைச் சரிபார்க்கப்பட்டது என்று காட்டும் பச்சை நிலைக்கு உயர்த்த இன்னொரு பயனர் சரிபார்த்தாக வேண்டும். மெய்ப்புப் பார்த்தவரே அதைச் செய்ய இயலாது. இந்த விதியை நீங்கள் நன்கு பயன்படுத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு மூத்த பயனரைத் துணையாக்கி, புதியவர் முடித்த பக்கத்தை அந்த மூத்தவர் கூடல் முடிவதற்குள்ளேயே சரிபார்த்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுபட்ட பிழைகளைச் சொல்லாமல் திருத்திவிட்டுப் போகாமல், எதை, ஏன் மாற்றினோம் என்று அவரது பேச்சுப் பக்கத்தில் இரண்டு வரி எழுத வேண்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரி இடப்படும் ஆயத்த வரவேற்புச் செய்தியான வரவேற்பு வார்ப்புரு இதற்கு ஈடாகாது.

பக்கங்களை எண்ணிப் பரிசு தருவதை நிறுத்திவிடுங்கள். நூறு பக்கம் முடித்தவரின் பெயருக்குக் கீழே தம் ஒற்றைப் பக்கத்தைக் காண்பவர் மீண்டும் வரத் தயங்குவார். ஒளிப்படக் கருவியை இயக்கும்படியோ வாய்விட்டு அறிமுகம் செய்துகொள்ளும்படியோ எவரையும் வற்புறுத்த வேண்டாம். அரட்டைப் பெட்டியில் எழுதிக் கேட்டாலும் உடனே பதில் கிடைக்கட்டும்.

கேள்வி: கூடல் முடிந்ததும் அனைவரையும் வாட்சப் குழுவில் சேர்த்துவிடலாமா?
– அதே வாசகி

பதில்: கேட்காமல் சேர்க்காதீர்கள். குழுவில் எல்லோருடைய கைப்பேசி எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதால், குறிப்பாகப் பெண்கள் பலர் தயங்குவார்கள். விரும்பாதவர்களுக்கு அடுத்த கூடலின் நாளையும், அவர்கள் பாதியில் விட்ட நூலின் இணைப்பையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள்.