மூடிக்கிடந்த நெசவாலை வளவில் மேல்மண்ணை வழித்து, கிணற்றை இறைத்து, கிறவல் (சரளை மண்) போட்டால் போதுமா?

கேள்வி கேட்டவர் விளக்கத்தில் எழுதியிருப்பது: வீட்டுக்குப் பின்னால் பல வருடமாகப் பூட்டிக்கிடக்கும் நெசவாலை வளவைத் துப்புரவாக்கி விளையாட்டு மைதானமாக்கப் போகிறார்களாம். ஒன்றரை அடி மண்ணை எடுத்துவிட்டு, கிணற்றை மூன்று தரம் இறைத்து, மேலே கிறவல் போட்டால் எல்லாம் சரி என்று கொந்தராத்துக்காரர் சொல்கிறாராம்.

போதாது.

ஏன் என்று சொல்லமுதல் ஒரு விசயம். நான் கெமிஸ்ட்ரி படித்தவன் இல்லை. ஓ.எல்., அதாவது சாதாரண தரப் பரீட்சையோடு நின்றவன். இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையில் ஒரு ஊரில் தண்ணீர்ப் பம்ப் வாடகைக்கு விடுகிறேன். கிணறு இறைக்க, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச, மாரியில் வீட்டுக்குள் நிற்கிற வெள்ளத்தை வெளியே அடிக்க என்று முப்பது வருடமாக இதே தொழில். "பம்ப்காரனுக்கு என்ன தெரியும்" என்று யாராவது வரத்தான் போகிறீர்கள். வாங்கோ. ஆனால் அந்தக் கொந்தராத்துக்காரர் சொன்ன மூன்றில் ஒன்றை என் கையாலேயே செய்து, சொந்த மாமியின் கிணற்றைக் கெடுத்தவன் நான். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

கிறவல் என்று எழுதியிருப்பதால் நீங்களும் எங்கட பக்கம்தான், கரையோரம்தான் என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் மணல். ஏழெட்டு அடி தோண்டினால் தண்ணீர். அந்த நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே, ஆறின பாலில் ஆடை படிந்த மாதிரி, மெல்லிசாக மிதந்துகொண்டு நிற்கிறது. இது எனக்கு அப்போது தெரியாது. கிணறு என்றால் அடியில் ஊற்று இருக்கும், இறைத்தால் புதுத் தண்ணீர் வரும், அவ்வளவுதான் என் அறிவு.

எங்கள் ஊர் மில்லின் பெயர் வேண்டாம். மருதமுனைக் கைத்தறியைப் போல வீட்டுக்கு வீடு தறி போட்ட தொழில் இல்லை இது, மதில் கட்டி, புகைபோக்கி வைத்த மில். வாப்பா அங்கே சாயப்பட்டறையில் நின்றவர். அவருடைய நகக்கண்ணில் நீலம் போனதே இல்லை, மவுத்தாகிக் குளிப்பாட்டும்போதும் இருந்தது. சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோனால் தொட்டிப் பக்கம் நின்று பார்ப்பேன். ஒரு நீலச் சாயம் இருந்தது, அதில் முக்கிய நூலைத் தூக்கும்போது மஞ்சட்பச்சையாகத்தான் வரும். வாப்பா கம்பில் போட்டு இரண்டு உதறு உதறுவார். காற்றுப் பட்ட இடமெல்லாம், கண்ணுக்கு முன்னாலேயே நீலமாகும். மந்திரம் மாதிரி. அதற்கு ஹைட்ரோஸ் என்கிற, சாயத்தைக் கரைக்கிற மருந்தும் காஸ்டிக் சோடாவும் போட வேண்டும். வேறு சில சாயங்கள் ஏற்றின பிறகு, தகரப் பேணியில் செம்மஞ்சளாக ஒரு கல்லுப் போடுவார்கள். பைக்ரோமேட், குரோமியம் உள்ள ஒரு உப்பு. அதைத் தொடக்கூடாது என்று வாப்பா சொல்லியிருந்தார். அவர் மட்டும் தொடுவார்.

சாயத் தண்ணீர் எல்லாம் மில்லின் தெற்கு மதிலடியில் ஒரு கிடங்குக்குள் போகும். அடியில் சீமெந்து கிடையாது. மணல்தானே, குடித்துவிடும். "மண் குடிச்சிரும்" என்பதுதான் அந்தக் காலத்துச் சுத்திகரிப்பு. சுற்றாடல் சட்டம் 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்கமாக வந்துவிட்டது, ஆனால் எங்கள் கிடங்குக்கு அது வந்த மாதிரி நினைவில்லை. 90ஆம் ஆண்டு யுத்தப் பிரச்சினையோடு மில் பூட்டினது. பிறகு திறக்கவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது, சுனாமி. அதைப் பற்றி இங்கே எழுத மனம் இல்லை. கிணறுகள் எல்லாம் உப்பும் சேறும், மற்றதும். ஜனவரியில் ஒரு நிறுவனம் வந்து கிணறு ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு பேசி எங்களை இறக்கியது. எனக்கு அப்போது இரண்டு பம்ப். இரவு பகலாக இறைத்தேன். நூறு கிணறு வரைக்கும் எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. அதில் எனக்குப் பெருமைதான், இப்போதும்.

மாமியின் கிணறு மில் மதிலில் இருந்து இரண்டு வளவு தள்ளி. முதல் நாள் இறைத்தேன், உப்பு. இரண்டாம் நாள் இறைத்தேன், இன்னும் உப்பு. எனக்கு ரோசம் வந்தது. ஊர் முழுக்க இறைத்தவன், சொந்த மாமிக்கு நல்ல தண்ணீர் எடுத்துக் கொடுக்க மாட்டேனா? மூன்றாம் நாள் பெரிய பம்பை வைத்து விடியற்காலையில் இருந்து அடித்தேன். தண்ணீரைக் கூஸ் பைப்பால் வேலியோரம் விட்டேன். மணல் உடனே குடித்தது. பின்னேரம் போல மாமி வெள்ளை வாளியில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டா.

"மருமகன், இஞ்ச வாங்க. இது என்ன, பீட்ரூட் கழுவின தண்ணி மாதிரி கிடக்கு?"

பார்த்தேன். கிணற்றுக்குள் தெரியாது, வெள்ளை வாளியில்தான் தெரிந்தது, லேசான ரோஸ். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் அழுகின முட்டை மணம். வாப்பா இருந்திருந்தால் ஒரு சொட்டைப் பார்த்து எந்தத் தொட்டி என்று சொல்லியிருப்பார்.

அடுத்த கிழமை தண்ணீர் சோதிக்கிற மீற்றரோடு ஒரு கம்பஸ் பொடியன், பல்கலைக்கழக மாணவன், வந்தான். உப்பளவு பார்த்தான். என் கொப்பியில் இறைத்த நாட்களைப் பார்த்தான். தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான், "அண்ணே, ஏன் இவ்வளவு இறைச்சீங்க?" பிறகு மணலில் குச்சியால் கீறிக் காட்டினான். நல்ல தண்ணீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு உப்பை அமத்திக்கொண்டு நிற்குமாம். மேலே ஒரு அடியை உறிஞ்சி எடுத்தால் கீழே இருந்து உப்பு ஏறப் பார்க்கும். அது ஒன்று. மற்றது, ஒரு கிணற்றில் மட்டத்தை இறக்கினால் நாலு பக்கத்துத் தண்ணீரும் அதை நோக்கிச் சரியும். மில் கிடங்கு இருந்த பக்கத்துத் தண்ணீரும்தான். பதினாலு வருடமாகத் தன் பாட்டில் கிடந்ததை நான்தான் பம்ப் வைத்துக் கூப்பிட்டு எடுத்திருக்கிறேன்.

அந்தப் பொடியன் சொன்னதை அந்த வருடமே தண்ணீரைப் பற்றி ஆராய்கிற பெரிய ஆட்களும் சொன்னார்கள்: சேற்றை எடுக்க ஒருதரம் இறையுங்கள், திரும்பத் திரும்ப இறைக்காதீர்கள், உப்பை மாரி மழை கழுவட்டும் என்று. எங்களுக்குச் சொல்ல ஒருவரும் வரவில்லை. கிணறு ஒன்றுக்குக் காசு என்றால் இறைக்கிறவன் இறைக்கத்தான் செய்வான். இதை என் குற்றத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குறைக்கவும்தான்.

      

இரண்டாவது கதை உங்களுடைய மண் வழிக்கிற கதைதான். சில வருடத்துக்குப் பிறகு எங்கள் மில் காணி கைமாறியது. வாங்கினவர் துப்புரவு செய்தார். ஜேசிபி வந்தது, ஒன்றரை அடி வழித்தது, ரெக்டர் பெட்டிகளில் ஏற்றினார்கள். எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு வாவிக்கரையில் பள்ளக்காணி ஒன்றை நிரப்பியிருந்ததைக் கண்டேன். மழை பெய்து மேல்மண் கழுவுப்பட்ட இடத்தில் கத்தரிப்பூ நிறத்தில் கட்டி கட்டியாகக் கிடந்தது. கையால் நசித்துப் பார்த்தேன், களி மாதிரி. அதுக்கு மேலே இப்போது மூன்று வீடு. மூன்று வீட்டிலும் கிணறு.

அதனால்தான் "ஒன்றரை அடி" என்று வாசித்ததும் எனக்குச் சூடேறியது. சாயக்கிடங்கு எட்டடி ஆழம் என்றால் ஒன்றரை அடி வழித்து என்ன பிரயோசனம்? மில் வளவு முழுக்க ஒரே மாதிரி ஊத்தை இல்லை. தறி இருந்த மண்டபத்துக்குக் கீழே அனேகமாக ஒன்றும் இருக்காது. கெட்ட இடம் சாயக்கிடங்கு, வாய்க்கால் போன தடம், மருந்துச் சாமான் வைத்த ஸ்டோர், பொயிலர் எண்ணெய்த் தாங்கி நின்ற இடம், ட்ரான்ஸ்போமர் இருந்த மூலை. பழைய ட்ரான்ஸ்போமர் எண்ணெய்க்குத் தனிச் சோதனை இருக்கிறது. கூரை அஸ்பெஸ்டஸ் தகடு என்றால் அதை ஜேசிபியால் உடைக்க விடாதீர்கள், அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. இதெல்லாம் எங்கே இருந்தது என்று வரைபடத்தில் இருக்காது. மில்லில் வேலை செய்த கிழவர் ஒருவரைக் கதிரை போட்டு இருத்திக் கேளுங்கள், கிழவிகள் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

நிறத்தை நம்பாதீர்கள். நான் அதை நம்பித்தான் இரண்டாம் முறையும் ஏமாந்தேன். மாமியின் கிணறு அடுத்த மாரிக்குப் பிறகு தெளிந்துவிட்டது, சந்தோசப்பட்டோம். பிறகுதான் தெரிந்தது, காற்றில்லாத சேற்றுக்குள் அசோ வகைச் சாயங்கள் (துணிக்குப் போடுகிற செயற்கைச் சாயங்களில் ஒரு வகை) உடையும்போது நிறம் மட்டும்தான் போகும், உடைந்து வருகிற அமீன் பொருட்களில் சிலது புற்றுநோய் கொண்டுவரும் என்று. பைக்ரோமேட்டில் இருக்கிற குரோமியம் இன்னும் மோசம், அது தண்ணீரில் கரைந்து தண்ணீரோடேயே நடக்கும். குடிதண்ணீரில் லீற்றருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேலே இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த அளவை வெள்ளை வாளி காட்டாது. அதற்கு மருந்து இல்லாமல் இல்லை. அன்னபேதி என்கிற இரும்பு உப்பு இருக்கிறதே, அதை அளவறிந்து மண்ணுக்குள் விட்டால் குரோமியம் கரையாத வகையாக மாறி, இருந்த இடத்தில் நின்றுவிடும். ஆனால் அதைச் செய்ய இடம் தெரிய வேண்டும், அளவு தெரிய வேண்டும், பிறகும் பக்கத்துக் கிணறுகளை வருடக்கணக்கில் சோதித்துக்கொண்டு இருக்க வேண்டும். கொந்தராத்துக்காரருக்குக் கசப்பது அந்த "வருடக்கணக்கு"தான்.

நீங்கள் செய்யக்கூடியது: ஜேசிபி வரமுதல் மண்ணும் தண்ணீரும் சோதித்த அறிக்கை இருக்கிறதா, எடுக்கிற மண் எந்த இடத்துக்குப் போகிறது, இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் "ஓம் ஓம், எல்லாம் செய்தாச்சு" என்பார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பிரதேச சபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் ஒவ்வொரு கடிதம் போடலாம், 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். கிணற்றை இறைக்கப் பம்ப் கொண்டுவந்தால், முதலில் அந்தத் தண்ணீரை எங்கே விடப்போகிறீர்கள் என்று கேளுங்கள். வேலியோரம் என்றால் திருப்பி அனுப்புங்கள்.

மாமி இன்னும் இருக்கிறா. குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. கிணற்றுக்குச் சீமெந்து மூடி போட்டு, அதுக்கு மேலே மல்லிகைச் சாடி வைத்திருக்கிறா. சாடிக்கும் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுவா. நான் போனால் தேத்தண்ணி தருவா, பம்பைப் பற்றி ஒன்றும் கதைக்க மாட்டா.